90 சதவீதம் என்ற அந்த எண்

பொருளாதாரச் செய்தியாளனாக இத்தனை ஆண்டுகளில் என்னை இன்னும் உறுத்தும் எண் ஒன்று உண்டு: 90.

அரசின் கடன், நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதமாகச் சரிகிறது என்று 2010-இல் பொருளாதார ஆய்வாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் எழுதினார்கள். அரசு செலவைக் குறைக்கும் சிக்கன நடவடிக்கைக்காக வாதாடிய அரசியல்வாதிகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். நானும் கட்டுரைக்குக் கட்டுரை எழுதினேன். மூலத் தரவைக் கேட்டு ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பவில்லை.

அனுப்பியவர் ஒரு மாணவர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டார், விடை வரவில்லை. ஆய்வாளர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கினார். சராசரி எடுத்த இடத்தில் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய 5 நாடுகள் விடுபட்டிருந்தன! சில ஆண்டுகளின் தரவும் சேரவில்லை. சராசரியில் எந்த நாட்டுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று தந்த எடையும் விவாதத்துக்குரியது. 2013-இல் அவரும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் கண்ட விடை மைனஸ் 0.1 அல்ல, 2.2 சதவீத வளர்ச்சி.

விடுபட்ட வரிசைகளை ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். கடன் கூடினால் வளர்ச்சி குறைகிறது என்ற கருத்தில் மட்டும் உறுதியாக நின்றார்கள். இருக்கலாம். ஆனால் வளர்ச்சி குறைந்ததால் கடன் ஏறியிருக்கக் கூடாதா? அதை 2010-இலேயே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்!

நேற்று ஓர் இளம் செய்தியாளர் "வல்லுநர்கள் அனைவரும் ஏற்றது" என்று எழுதிக்கொண்டு வந்தார். யார் அந்த அனைவரும் என்று கேட்டேன். பெயர்களைத் தேடப் போயிருக்கிறார்.