மணல்மேட்டில் ஒரு கருப்புச் சதுரம்

இந்த வாரம் ராத்திரியெல்லாம் பழைய வரைபடங்களோடுதான் போகிறது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 1880கள் முதல் அச்சிட்ட நிலத்தோற்ற வரைபடங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. நான் பார்ப்பது நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் இருக்கும் சாண்ட்ஹில்ஸ். புல் போர்த்திய மணல்மேடுகள், மாட்டுப் பண்ணைகள்.

பழுப்பில் சம உயரக் கோடுகள், நீலத்தில் குட்டைகள், கருப்பில் மனிதர் கட்டியவை. சின்னக் கருப்புச் சதுரம் என்றால் வீடு. அதன்மேல் குட்டிக் கொடி இருந்தால் பள்ளிக்கூடம். சுற்றிலும் ஒன்றுமே இல்லாத இடத்தில் அந்தக் கொடியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பிள்ளைகள் எவ்வளவு தூரம் நடந்து வந்தார்களோ!

1862ல் வந்த ஹோம்ஸ்டெட் என்ற குடியேற்றச் சட்டம் குடியேறியவருக்கு 160 ஏக்கர் கொடுத்தது. இந்த மணலில் ஒரு குடும்பம் பிழைக்க அது போதாது. 1904ல் கின்கெய்ட் சட்டம் அதை 640 ஏக்கராக, அதாவது ஒரு சதுர மைலாக உயர்த்தியது. அப்படியும், மணலை உழுது பயிர் வைத்த பலர் தோற்றுப்போய், பக்கத்துப் பண்ணைக்காரரிடம் நிலத்தை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். பழைய தாளில் இருந்த சதுரம் அடுத்த தாளில் காணாமல் போகும்போது மனசு கனக்கிறது.

அதற்கும் முன்னால் இது லகோட்டா, பானி என்ற பூர்வகுடி மக்கள் வேட்டையாடிய நிலம். நான் திறந்த தாள்களில் அவர்கள் தடம் ஒன்றுகூட இல்லை. மேடு பள்ளம் பார்க்காமல் மைலுக்கு மைல் நேராக ஓடும் நில அளவைக் கோடுகள்தான் இருக்கின்றன.

இன்னும் இரண்டு தாள் இறக்கி வைத்திருக்கிறேன்.