சொதி இல்லாத ஊர்

ஏப்ரல் 27

அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரியில் காட்ட வந்து, காட்பாடியில் இறங்கும்போது விடிகாலை நாலரை. ராத்திரி முழுக்க அம்மா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆட்டோக்காரர் எந்த லாட்ஜ் என்று கேட்கவில்லை. "எந்த டிபார்ட்மென்ட் சார்?" என்றுதான் கேட்டார்.

ஏப்ரல் 28

எங்கள் தெருவில் மருந்துக்கடை, லாட்ஜ், சாப்பாட்டுக் கடை எல்லாப் பலகையிலும் வங்காள எழுத்து. தமிழ் ஓர் ஓரமாக ஒண்டிக்கொண்டு இருக்கிறது. வேலூருக்கு வந்தோமா, கல்கத்தாவுக்கு வந்தோமா என்று அம்மா கேட்டாள்.

கீழே இருந்த கடையில் இட்லி வாங்கினேன். நடுவில் மட்டும் கிள்ளித் தின்றுவிட்டு, "நம்ம ஊர்ல இத இட்லின்னா அடிக்க வருவாவ" என்று பொட்டலத்தை மடித்துவிட்டாள். சாம்பாரைத் தொடவே இல்லை.

ஏப்ரல் 29

ரிப்போர்ட் வரவில்லை.

ஏப்ரல் 30

உணவு ஆலோசகர் தாள் கொடுத்திருக்கிறார். காரம் கூடாது, பொரித்தது கூடாது, தேங்காய் கூடாது, உப்பு அரை. இதை வைத்துக்கொண்டு வெளியூரில் எங்கே போவது?

நான் ஊர் ஊராகச் சுற்றுகிறவன். வேலை அப்படி. புது ஊரில் கடை கண்டுபிடிக்க எனக்கென்று சில வழிகள் உண்டு. லாட்ஜ் மேனேஜரைக் கேட்க மாட்டேன், அவர் மச்சான் கடையைச் சொல்வார். டீ மாஸ்டரிடம், "நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க?" என்று கேட்பேன். பன்னிரண்டரைக்கு எந்த வாசலில் ஆட்டோக்கள் நிற்கின்றன என்று பார்ப்பேன். ரெண்டு மணிக்கு "சாதம் முடிஞ்சிருச்சு" என்று சொல்கிற கடை பெரும்பாலும் நல்ல கடை. நாலு மணிக்கும் எல்லாம் இருக்கிறது என்றால் எனக்குப் பயம்.

இந்த வழியில் போனால் எனக்கு நல்ல சாப்பாடு கிடைத்துவிடுகிறது. இன்றும் கிடைத்தது. நெய்யில் மிளகாய்ப் பொடி குழைத்துக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆட்டோக்காரர்கள் நோயாளிச் சாப்பாடு சாப்பிடுவதில்லை என்பது இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

ராத்திரி பிரெட். அதுவும் பாதி.

மே 1

"சொதி கெடைக்குமால?" என்று கேட்டாள். தேங்காய்ப்பால் விட்டு வைக்கிற எங்கள் ஊர்க் குழம்பு. இந்த ஊரில் யாரிடம் போய்க் கேட்பேன்.

மே 3

அக்கா வந்துவிட்டாள். "நீ கொஞ்சம் வெளியே போய்ட்டு வா, மூஞ்சியப் பாரு" என்றாள். பஸ் ஏறி ஆம்பூர் போனேன். ஐம்பது கிலோமீட்டர். மருந்து வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் பொய்.

சீரகச் சம்பா பிரியாணி. காய்ந்த மிளகாயை ஊற வைத்து அரைத்த விழுது, அதனால் பொடியின் நெடி இல்லை. விறகு அடுப்பு, மூடி மேல் தணல். ஆனால் நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கியது கறியை இல்லை, கத்தரிக்காயை. புளிப்பும் எண்ணெயுமாய், விதை தெரியாமல் குழைந்து கிடந்தது. இந்தப் பக்கத்து முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். என் தட்டில் இருந்தது அதுதானா என்று பரிமாறியவரிடம் கேட்டேன். "கத்திரிக்கா சார்" என்றார். சரி.

சாப்பிட்டு முடித்த பிறகு வெட்கமாக இருந்தது. நாலு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அறைக்குள் நுழைந்ததும் அம்மா, "மருந்துக் கடையில ஆட்டுக்கறியும் விக்காவளோ?" என்றாள்.

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது. கோட்டை அகழி ஓரம் நடக்கலாம் என்று போய், பத்து நிமிஷத்தில் திரும்பிவிட்டேன்.

மே 5

லாட்ஜில் கேஸ் அடுப்பு வாடகைக்குத் தருகிறார்கள், பாத்திரத்தோடு. அக்கா தேங்காய் இல்லாமல் சொதி வைத்துப் பார்த்தாள். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், இஞ்சி, கடைசியில் எலுமிச்சை. தேங்காய்ப்பால் ஊற்ற வேண்டிய இடத்தில் பால். திரிந்துவிட்டது. அக்கா அழுதாள், சொதிக்காக இல்லை.

நாளை வருமாம் ரிப்போர்ட்.

மே 6

வரவில்லை.

மே 7

பின் சந்தில் ஒரு வங்காளிக் கடை. நான்கு பெஞ்சு. ஒன்றரை மணிக்கு வாசலில் இருபது பேர் நிற்கிறார்கள், ஆனால் யாரும் உட்காரவில்லை. எல்லோர் கையிலும் தூக்குவாளி. இவர்கள் எல்லாரும் யாருக்கோ வாங்கிக்கொண்டு போகிறவர்கள் என்று எனக்கு உறைக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று.

மால்டாவிலிருந்து அண்ணன் வைத்தியத்துக்கு வந்த குடும்பம், அப்படியே தங்கி அடுப்புப் போட்டுவிட்டது. அந்த அம்மாவிடம் தாளைக் காட்டினேன். படிக்கவில்லை. "பாத்லா ஜோல்" என்றார். நீர்த்த குழம்பு. வாழைக்காய், பப்பாளிக்காய், உருளை, கொஞ்சம் மஞ்சள், சீரகம், இஞ்சி. அவர்கள் வீட்டில் உடம்பு சரியில்லாதவர்களுக்கு வைப்பதாம். "ஜால் நேய், தேல் கொம்" என்று விரலை மடக்கினார். காரம் இல்லை, எண்ணெய் குறைவு. பக்கத்துச் சட்டியில் ரோகு மீன் கொதித்துக்கொண்டிருந்தது. "நிராமிஷ்?" என்று கேட்டேன், சைவமா என்று. எங்கிருந்து அந்தச் சொல் வந்ததோ. தனிச் சட்டி, தனிக் கரண்டி என்று தூக்கிக் காட்டினார்.

அம்மா முழுக் கிண்ணம் சாப்பிட்டாள். எங்கே வாங்கியது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மே 8

இன்றும்.

மே 9

"அந்தப் பொம்பள மீன் கரண்டிய விட்டிருப்பாளோ?" அக்காதான் உளறியிருக்க வேண்டும். நான் தனிக் கரண்டிக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் கிண்ணத்தை நீட்டினாள். "இஞ்சி நல்லா போட்டுருக்கா. தேங்காப்பால் விட்டா சொதிதான்."

மே 10

உப்புக் கொஞ்சம் கூடப் போடச் சொல்லு என்கிறாள். தாளில் அரை. சந்துமுனை வரை போய் நின்றேன். போடச் சொல்லிவிட்டேன், ஒரே ஒரு சிட்டிகை.

மே 11

ரிப்போர்ட் வந்திருக்கிறது. கையில் தரவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு வீட்டு ஆட்கள் மட்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா மூன்று தடவை கேட்டாள், மட்டும் என்றார்களா என்று.

தூக்குவாளியை அந்தக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எட்டரைக்கு மூடிவிடுவார்கள்.