பீஸ்ட் வார்ஸ் உருமாற்றம்: பிளெண்டர் பட்டறைக் குறிப்புகள்

ஜூன் 3, 2025

எடுத்திருக்கும் வேலை: சீட்டர் என்ற பாத்திரம் சிவிங்கிப்புலியிலிருந்து ரோபோவாக மாறும் காட்சியை, பிளெண்டர் என்ற முப்பரிமாண (3டி) மென்பொருளில் புதிதாகக் கட்டுவது. மூலம், வான்கூவரின் மெயின்ஃபிரேம் நிறுவனம் 1996 செப்டம்பரில் கொண்டுவந்த பீஸ்ட் வார்ஸ் என்ற கணினி அனிமேஷன் தொடரின் முதல் பருவம். கனடாவில் அதற்கு 'பீஸ்டீஸ்' என்று பெயர்.

கணக்கு: நொடிக்கு 24 ஃபிரேம் (தனிப்படம்), மாற்றம் ஒன்றரை நொடி, ஆக 36 ஃபிரேம். மாறுவதற்குப் பாத்திரம் போடும் 'மேக்சிமைஸ்!' என்ற கூவல் இந்த 36-க்குள் வரக்கூடாது. அதற்கு முன்னால் தனியாக 20 ஃபிரேம் விட வேண்டும். கூவலையும் அசைவையும் ஒன்றாக ஓட்டினால் இரண்டில் ஒன்றுதான் மனதில் பதியும்.

ஜூன் 5

புலித்தோல். அந்தத் தொடரின் முதல் பருவத்தில் விலங்குகளின் ரோமம் முடி முடியாக வளர்த்தது இல்லை, மாடல் மேல் ஒட்டிய படம்தான். நாமும் அப்படியே 1024 பிக்சலில் ஒரு டெக்ஸ்சர். சிவிங்கிக்குப் புள்ளி திடமான கரும்பொட்டு. சிறுத்தையின் நடு வெளுத்த வளையத்தைப் போட்டுவிட்டால் விலங்கே மாறிவிடும். கண்ணிலிருந்து வாய்க்கு இறங்கும் கறுப்புக் கோட்டையும் மறக்கக்கூடாது.

ஒட்டுப்படத்தின் விளிம்புகள் சேரும் தையல் (யூவி சீம்) வயிற்றில் விழுந்தால் புள்ளிகள் பாதியாக வெட்டுப்படும். அந்த இடம் மாற்றத்தின்போது நேராகக் கேமராவுக்குத் திரும்பும். தையலைத் தொடையின் உள்பக்கம் தள்ளியாயிற்று.

ஜூன் 6

இன்றுதான் அசல் வேலை.

ஒரே மாடலை மடக்கி இரண்டு உருவமும் வரவைக்கப் பார்ப்பது எல்லோரும் முதலில் விழும் குழி. வேண்டியது இரண்டு மாடல், இரண்டு எலும்புக்கூடு. புலிக்குத் தோல் வளையும் ரிக் (அசைக்கும் எலும்பமைப்பு). ரோபோவுக்கு ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரே எலும்பு, வெயிட் (எலும்பு இழுக்கும் அளவு) 1.0. தகட்டில் வெயிட் கலந்தால் உலோகம் ரப்பராக நெளியும்.

இரண்டுக்கும் பொதுவாக வரும் உறுப்பு புலித்தலை. ரோபோவின் மார்பில் போய் உட்காருவது அதுதான், பொம்மையிலும் அப்படித்தான். ஆகவே அது எந்த மாடலோடும் சேராத தனிப் பொருள். ஒரு பொருளை இன்னொன்றோடு கட்டும் சைல்ட் ஆஃப் கன்ஸ்ட்ரெயின்ட் இரண்டு போட்டு, 14-ஆம் ஃபிரேமில் புலிக் கழுத்து 1, ரோபோ மார்பு 0, 15-இல் தலைகீழ். இரண்டுக்கும், கட்டும்போது இருக்கும் இடத்தை நிலைநிறுத்தும் 'செட் இன்வர்ஸ்' அழுத்தாவிட்டால் தலை பத்தடி தள்ளிப் போய் மிதக்கும்.

உடல் மாறுவதும் அதே 14–15-இல். வெறும் கண்கட்டு வித்தை: 12 முதல் 16 வரை தோள் தகடுகள் கேமராவை மறைத்தபடி சுழல, அந்த மறைப்புக்குள் புலியுடலுக்கு ரெண்டர் (இறுதிப் படம்) தெரிவு அணையும், ரோபோவுக்கு எரியும். வேலைத்திரையில் மட்டும் மறைக்கும் வியூபோர்ட் கண்ணை மூடிவிட்டு ரெண்டருக்குப் போனால் படத்தில் இரண்டு உடலும் ஒன்றுக்குள் ஒன்று நிற்கும்.

ஜூன் 9

15-ஆம் ஃபிரேமில் புலித்தலை கோடாக இழுபட்டது. காரணம் மோஷன் பிளர் (அசைவு மங்கல்). அது ஃபிரேம்களுக்கு நடுவிலும் எட்டிப் பார்க்கும். அங்கே கன்ஸ்ட்ரெயின்ட் மதிப்பு பாதிவழியில் நின்றது. கீகளை (மதிப்பைக் குறித்துவைத்த ஃபிரேம்களை), இடையில் மதிப்பு நகராத 'கான்ஸ்டன்ட்' ஆக்கியதும் சரி.

இடது முன்கை கிறுகிறுவென்று சுற்றியது வேறு கதை. மூன்று அச்சுக் கோணங்களால் திருப்பும் எக்ஸ்ஒய்இசட் ஆய்லரில் ஒய் 90 பாகை தொட்டதும் மற்ற இரண்டு அச்சும் ஒன்றாகிவிடும். அச்சு ஒன்றாகாத, நான்கு எண் கொண்ட குவாட்டர்னியன் முறைக்கு மாற்றியாயிற்று. அது பொதுவாகக் குறுக்குவழியில் திரும்பும் என்பதால் 180 பாகைத் திருப்பத்துக்கு நடுவில் ஒரு கீ கட்டாயம்.

ஜூன் 14

கதை நடக்கும் கிரகத்தில் எனர்ஜான் என்ற ஆற்றல் பொருளின் கதிர்வீச்சு அதிகம், ரோபோ உருவில் நெடுநேரம் தாங்காது. அதனால் திரும்பத் திரும்ப மாறிக்கொண்டே இருப்பார்கள். அப்படிப்பட்ட அசைவைக் காட்சிக்குக் காட்சி புதிதாகச் செய்வது வீண்வேலை. மொத்தத்தையும் ஒரே ஆக்‌ஷனாக்கி அசைவை வேண்டிய இடத்தில் திரும்பப் போடும் என்எல்ஏ பட்டையில் வைத்தோம். கேமரா அதில் சேரவில்லை.

சோதனைக்கு, தோலை மட்டும் வெள்ளைப் புலியாக்கி டைகட்ரான் என்ற இன்னொரு பாத்திரத்துக்கு அதே ஆக்‌ஷனைக் கொடுத்தோம். அவன் பொம்மையும் சீட்டரின் அச்சில் வார்த்ததுதான். எலும்புப் பெயர்கள் எழுத்து மாறாமல் இருந்ததால் முதல் ஓட்டத்திலேயே ஓடியது.

அடுத்து இரண்டாம் பருவத்து டிரான்ஸ்மெட்டல் (விலங்குருவிலும் உலோகத்தோல் கொண்ட) உடல். மெட்டாலிக் (உலோகத்தன்மை) 1.0, ரஃப்னஸ் (சொரசொரப்பு) 0.15. ரோமத்தைவிட இது எளிது, ஆனால் சுற்றுப்புறப் படம் வைக்காவிட்டால் பளபளக்க ஒன்றுமில்லாமல் கன்னங்கரேலென்று வரும். வைத்ததும் வெள்ளைப் பொறிகள் தெறித்தன. எதிரொளியின் உச்சத்தை வெட்டும் கிளாம்ப் இன்டைரக்டை 10-லிருந்து 3-க்கு இறக்கியதும் தோளில் அடங்கிவிட்டன. வாலில் இன்னும் இரண்டு மினுக்குகின்றன.