பூப்போட்ட பர்ஸும் பத்து சென்டிமீட்டர் காகிதமும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிளாட்டின் முன்னறைதான் டியூஷன் வகுப்பு. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆறு பேர். வருடத் தொடக்கத்தில் அவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று ஒவ்வொருவரின் கற்றல் பாணியையும் பெயருக்கு எதிரே எழுதி வைத்தேன். கல்வியாளர் நீல் பிளெமிங் கொலீன் மில்ஸோடு சேர்ந்து 1992-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் படித்து எழுதிக் கற்பவரும் உண்டு. என் ஆறு பேரில் அதற்கு ஆளே இல்லை.

போன வாரம் ஒரு கணக்கு: கையிலிருந்த பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு செலவானது. மிச்சம் 36 வெள்ளி (ரிங்கிட்). முதலில் எவ்வளவு இருந்தது?

'பார்த்துக் கற்பவள்' உடனே படம் வரைந்தாள். பூப்போட்ட பர்ஸ், அதிலிருந்து எட்டிப் பார்க்கும் நோட்டுகள், நோட்டில் மாமன்னர் முகம்கூட. விடை: 14 வெள்ளி 40 காசு. மிச்சமே 36 இருக்க, முதலில் 14 எப்படி என்று கேட்டால் முழிக்கிறாள். படத்தில் பணம் இருந்தது, பங்கு இல்லை.

இதை உளவியல் ஆய்வாளர்கள் மேரி ஹெகார்ட்டியும் மரியா கோஷெவ்னிகோவும் 1999-லேயே எழுதியிருக்கிறார்கள். பொருளை அப்படியே வரைவது வேறு, அளவுகளின் உறவை வரைவது வேறு. கணக்குக்குக் கைகொடுப்பது இரண்டாவதுதான்.

'செய்து கற்பவனுக்கு' 10 சென்டிமீட்டர் காகிதத் துண்டு ஒன்று கொடுத்தேன். 2 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, ஐந்து பங்கு. செலவான இரண்டைப் பின்னால் மடித்தான். தெரிந்த மூன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு 12, டீச்சர்" என்றான். மடிப்பைப் பிரித்தான். 60. அவளுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். அவளுக்கும் வந்துவிட்டது. அப்புறம் எதற்கு அந்தப் பட்டியல்?

2008-இல் நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளை அலசி, கற்றல் பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் பலன் உண்டு என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்றார்கள். எனக்கு உறைத்தது வேறு. 'செய்து கற்பவன்' என்று முத்திரை குத்தியதால் அந்தப் பையனை மூன்று மாதமாக நான் பங்குகளைப் பெட்டிகளாகக் காட்டும் ஒரு பட்டைகூட வரையச் சொல்லவில்லை. காகிதத்திலிருந்து படத்துக்கும், படத்திலிருந்து எண்ணுக்கும் மாறுவதுதான் அவனுக்குத் தகராறு. நானோ அவனைக் காகிதத்திலேயே உட்கார வைத்துவிட்டேன்.

நேற்று மிச்சத்தை 45 என்று மாற்றினேன்.

"டீச்சர், காகிதம்?"

"இல்லை, வரை."

முணுமுணுத்துக்கொண்டே ஐந்து பெட்டி போட்டான். ஒன்று குட்டை, ஒன்று நீளம், எல்லாம் கோணல்மாணல். இரண்டில் குறுக்குக் கோடு. மற்ற மூன்றிலும் 15.