நீதிபதியின் பெயரை எழுதிக் கொடுப்பவர் யார்?

ஐக்கிய அமெரிக்காவில் உயர் நீதிமன்ற நீதிபதியை ஜனாதிபதி முன்மொழிகிறார், செனட் சபை உறுதிப்படுத்துகிறது. ஆனால் 2016 இல் டொனால்ட் ட்ரம்ப் தேர்தலுக்கு முன்னரே வெளியிட்ட பெயர்ப் பட்டியல், ஹெரிடேஜ் பவுண்டேசன், பெடரலிஸ்ட் சொசைட்டி என்ற பழமைவாத அமைப்புகளின் வட்டாரங்களின் ஆலோசனையோடு உருவானது. அதே ஆண்டில் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டுக்கு எதிரான பிரசாரத்துக்கு ஒரு குழு 70 இலட்சம் டொலர் ஒதுக்கியது; அந்தப் பணத்தைக் கொடுத்தவர்களின் பெயர்களை வெளியிட வேண்டிய கட்டாயம் அதற்கு இருக்கவில்லை. என்னை மிகவும் கலங்கச் செய்வது இதுதான்.

இங்கு, இலங்கையில், நிலைமை வேறு. உயர் நீதிமன்ற நீதிபதியாக ஜனாதிபதி முன்வைக்கும் பெயரை ஏற்பதும் மறுப்பதும் அரசியலமைப்புப் பேரவையின் பொறுப்பு. 2001 இல் அரசியலமைப்பின் 17 ஆவது திருத்தம் தந்த அந்தப் பேரவை 2010 இல் நீக்கப்பட்டு, 2015 இல் மீண்டு, 2020 இல் மறுபடியும் பறிக்கப்பட்டு, 2022 இன் 21 ஆவது திருத்தத்தால் திரும்பி வந்திருக்கிறது. ஆயினும் அதன் பத்து உறுப்பினர்களில் மூவர் மட்டுமே நாடாளுமன்றத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள். வழக்குக் கட்டோடு கொழும்பு புதுக்கடை நீதிமன்றப் படியேறும் ஒருவருக்கு, தன் வழக்கைக் கேட்கும் நீதிபதி எவ்வாறு தெரிவானார் என்பதை அறியும் உரிமை உண்டு. ஆகவே ஒரு பெயரை ஏற்றதற்கும் மறுத்ததற்குமான காரணங்களைப் பேரவை எழுத்தில் வெளியிட வேண்டும். அப்பெயருக்காகப் பேசிய அமைப்புகள் எவை என்பதையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.