தங்கம் பூசிய வெண்கலமும் அதன் விலையும்

18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி காலத்தில் செய்த, தங்கம் பூசிய வெண்கல மெழுகுவத்தித் தாங்கிகளின் படங்களைப் பார்த்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. அடியில் ஆட்டுக்கடாத் தலைகள், மேலே பூமாலைத் தோரணம், நடுவில் ஒரு கிரேக்கப் பெண், அவள் கையிலிருந்து கிளைவிடும் விளக்குத் தண்டுகள். இந்த வடிவங்கள் பாரிஸில் பிறந்தவை அல்ல. இத்தாலியில் எரிமலை வெடித்துப் புதைந்துபோன பழைய ரோமானிய ஊர்களான ஹெர்குலேனியத்தை 1738இலும் பொம்பெயியை 1748இலும் தோண்ட ஆரம்பித்தார்கள். எரிமலைச் சாம்பலுக்கு அடியிலிருந்து வந்த ரோமானிய முக்காலிகள், விளக்குத் தண்டுகள் எல்லாம் படமாக அச்சேறி ஐரோப்பா முழுக்கப் பரவின. அதுவரை இருந்த, வளைந்து நெளிந்த ரொக்கோக்கோ அலங்காரப் பாணி அப்புறம் மெல்ல வழிவிட்டது.

இந்த வெண்கலத்தில் தங்கம் பூசிய பாரிஸ் கைவினைஞர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் பியேர் கூத்தியேர். உடல் பகுதியை மங்கலாக விட்டு, ஆடையின் மடிப்பு விளிம்பை மட்டும் பளபளவென மெருகேற்றுவார். ஒரே தங்கம்தான், ஆனால் தோல் வேறு துணி வேறு என்று கண்ணுக்குத் தெரியும். என்ன கை அது!

அந்தத் தங்கம் ஏறிய விதம்தான் மனதைப் பிசைகிறது. தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்து வெண்கலத்தில் பூசி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்தே எத்தனையோ தொழிலாளிகள் கை நடுங்கி, உடல் கெட்டுச் செத்தார்கள். ஏல விவரங்களில் அவர்கள் பெயர் வருவதில்லை.

கூத்தியேரும் நன்றாக வாழவில்லை. முந்தைய மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி மதாம் து பாரி தர வேண்டிய பெருந்தொகை வரவேயில்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793இல், து பாரியைக் கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரத்தில் கொன்றார்கள். 1813இல் கூத்தியேர் வறுமையில் இறந்தார்.