இடது பெடல் மட்டும் ஏன் கழல்கிறது?

பெடல் கழல்கிறது என்று யாரிடம் சொன்னாலும் "நன்றாக இறுக்கிவிடுங்கள்" என்கிறார்கள். இறுக்காமலா இருப்பேன்? மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு அவளுடைய கியர் சைக்கிள் என் கைக்கு வந்தது. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலையிலிருந்து ரயிலடிப் பக்கம் இருக்கும் அலுவலகத்துக்கு அதில்தான் போய் வருகிறேன். மேரீஸ் கார்னர் மேம்பாலத்தில் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் போதும், இடது கால் மட்டும் வெளிப்பக்கமாகச் சாயும். இறங்கிப் பார்த்தால் பெடல் ஆடிக்கொண்டிருக்கும். ஒருநாள் கையோடு வந்தேவிட்டது.

அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம். பக்கத்து மேசைக்காரர் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றச் சொன்னார். மாடி வீட்டு மாமா ஒரு படி மேலே போய், எம்-சீல் வைத்து அடைத்துவிட்டால் ஜென்மத்துக்கும் கழலாது என்றார். இரண்டும் ஒழுகுகிற குழாய்க்குச் செய்கிற வேலை. ஒரு முழு ஆள் ஏறி மிதிக்கிற இடத்தில் களிம்பும் டேப்பும் எத்தனை நாள் தாங்கும்? சைக்கிளை வாங்கிய கடைக்கும் போனேன். அங்கிருந்த பையன் பெரிய ஸ்பானரைப் போட்டு முக்கி முக்கி இறுக்கினான். அந்த வாரமே மறுபடியும் ஆட்டம்.

ஒழுங்காகப் பொருந்திய பெடல் மிதிப்பதால் கழலாது. மிதிக்க மிதிக்க இறுகத்தான் செய்யும். அதற்காகத்தான் வலது பெடலுக்கு வழக்கமான மரையும் இடது பெடலுக்கு, எதிர்ப்பக்கம் திருகினால் இறுகும் எதிர்மரையும் போடுகிறார்கள். விமானத்துக்கு முன் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் செய்து விற்ற ரைட் சகோதரர்கள், கழன்று விழாத பெடல் என்று 1900-இல் இதைத்தான் அறிவித்தார்கள். காரணம் முதலில் எனக்குத் தலைகீழாகத்தான் பட்டது. ஒரு பேனாவைக் கைக்குள் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, வெளியே நீட்டியிருக்கும் முனையை மற்றக் கையால் வலப்பக்கமாக வட்டமடித்துப் பாருங்கள். பேனா தனக்குள் இடப்பக்கமாக உருளும். பெடல் மாட்டியிருக்கும் உலோகத் தண்டுதான் கிராங்க். அதன் துளைக்குள் பெடலின் அச்சும் இப்படித்தான். கால் அழுத்துவது எப்போதும் கீழ்நோக்கித்தான். கிராங்க் சுற்றுவதால் அந்த அழுத்தம் துளையின் சுவரை ஒரு சுற்று வருகிறது. அதில் அச்சு, மயிரிழை இடைவெளியில், எதிர்த்திசையில் உருண்டுகொண்டே இருக்கிறது. அந்த உருளல் மரையை இறுக்கும்படி இரண்டு பக்கமும் அமைத்திருக்கிறார்கள்.

ஆகவே, பெடல் திரும்பத் திரும்பக் கழன்றால் எங்கோ மரை கெட்டிருக்கிறது என்று பொருள். இதை எனக்குச் சொன்னவர் கீழவாசலில் சைக்கிள் பழுதுபார்க்கும் பாய். வண்டியைப் பார்த்ததும் அவர் ஸ்பானரைத் தேடவில்லை. பெடலைக் கையாலேயே கழற்றி, துளைக்குள் ஒரு துணியைத் திருகி எடுத்துக் காட்டினார். கறுப்பு கிரீஸில் சாம்பல் நிறப் பொடி, அதன் நடுவே பளபளவென்று இரண்டு மூன்று அலுமினியச் சுருள்கள். பிறகு பெடலைப் பாதி ஏற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அச்சின் தோள் கிராங்கின் முகத்தில் சுற்றிலும் சீராக உட்கார வேண்டும். இங்கே ஒரு பக்கம் ஒட்டியிருந்தது, மறுபக்கம் நகம் நுழையும் இடைவெளி.

"கோணலாக ஏற்றியிருக்கிறார்கள், அம்மா. கையால் நாலு சுற்று சுற்றாமல் எடுத்த எடுப்பில் ஸ்பானர் போட்டால் இப்படித்தான்."

"இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நிற்காதா, பாய்?"

"பிடிக்க மரை இருந்தால்தானே இறுக்க முடியும்?"

அச்சு இரும்பு, கிராங்க் அலுமினியம். கோணலாகப் போனால் தோற்பது அலுமினியம்தான். அந்தப் பையன் முக்கி இறுக்கியபோது மிச்சமிருந்த மரையும் உதிர்ந்திருக்கிறது. பழைய கறுப்பு சைக்கிள்களில் கிராங்கும் இரும்பு என்பதால் இந்தத் தொல்லை அவ்வளவாக வராது. அவற்றில் 'பெடல் ஆடுகிறது' என்று சொன்னால் பெரும்பாலும் ஆடுவது, கிராங்கை நடு அச்சோடு பிணைக்கும் காட்டர் பின். பெடலை மட்டும் பிடித்து அசைத்துப் பாருங்கள். அது தனியாக அசையாமல் கிராங்கோடு சேர்ந்து ஆடினால் பின்னைத்தான் கவனிக்க வேண்டும். பெடலின் உடல் மட்டும் அச்சின் மேல் லொடலொடத்தால் அது உள்ளே பால்ரஸ் தேய்ந்த கதை. அச்சே துளைக்குள் ஆடினால் மட்டும்தான் மரை.

இடம் வலம் மாற்றிப் போட்டாலும் இதே கதிதான். அச்சின் நுனியில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இடது, வலது அடையாளம் வெட்டியிருக்கும். அது தேய்ந்திருந்தால் அச்சைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள்: மரை வலப்பக்கம் மேலேறினால் வலது பெடல், இடப்பக்கம் ஏறினால் இடது. எதிர்மரை குழப்பத்துக்கு பாய் சொன்ன வழி எனக்குப் பிடித்திருந்தது. ஸ்பானரை அச்சின் மேல்பக்கம் நிமிர்த்திப் பிடித்து முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும், பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும். இரண்டு பக்கமும் இதே கணக்கு.

துளையைப் பெரிதாக்கி உள்ளே மரை போட்ட புஷ் என்கிற உலோகக் குழலை இறக்கலாமாம். லேத் பட்டறைக்கு அலைவதைவிட இடது கிராங்கை மட்டும் புதிதாக வாங்குவது சுலபம் என்று அவரே சொல்லிவிட்டார். வாங்கும்போது நீளம் பார்க்க வேண்டும். கிராங்கின் உட்புறத்தில் பொறித்திருப்பார்கள். என்னுடையது 170 மி.மீ. சற்றே நீளமான கிராங்கைத் தள்ளிவிடப் பார்த்த கடைக்காரரிடம், ஒரு கால் நெட்டையாகவும் ஒரு கால் குட்டையாகவும் மிதிக்க முடியுமா என்று கேட்டுவிட்டு வந்தேன். நடுத்துளையின் அளவும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

பழைய பெடலின் அச்சிலும் மரை மழுங்கியிருந்ததால் பெடலும் புதிது. மரையில் கிரீஸ் தடவி, விரலாலேயே கடைசிவரை ஏற்றி, முடிவில் மட்டும் 15 மி.மீ. ஸ்பானரால் ஓர் அழுத்து. இரண்டு வாரம் ஓட்டிவிட்டு கிராங்கின் நடு போல்ட்டை மட்டும் இன்னொரு முறை இறுக்குவதற்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னார் பாய். புது கிராங்க் நடு அச்சில் படிந்து உட்காரும்போது அது கொஞ்சம் தளருமாம். போய்வந்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை. பின்பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது என்று சொல்லி அதற்கு வாங்கிக்கொண்டார்.